கையுறைக் கடையில் இரண்டு நட்டுகள்

மே மாதத்தில் ஒருநாள், பகல் பன்னிரண்டு மணிக்கு வழுதாவூர் சாலை சிக்னலில் என் பைக் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, குறுக்கே திரும்பிக்கொண்டிருந்த பேருந்தின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் போய்த்தான் நின்றது. பின்னால் என் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுக் கேரியர். ரசம் சிந்தி அவள் புடவை நனைந்தது. பேருந்து ஓட்டுநர் என் தாயாரைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போனார். மனைவி கேரியரை நிமிர்த்திவிட்டு, வழக்கம்போல என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்ததாகத்தான் என் கை எனக்குச் சொன்னது.

கதிர்காமத்தில் மனைவியின் அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். தினமும் மதியம் அவளுக்குச் சாப்பாடு போக வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து கேரியரும் மனைவியும் என் பின்னால் ஏறுவார்கள். அதாவது நாளையும் ஏறுவார்கள், நாளை மறுநாளும். பேருந்தின் அந்தச் சக்கரம் அன்று முழுக்க என் கண் முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி இருந்திருந்தால் யார் கால் அங்கே இருந்திருக்கும் என்பதை ஒருமுறைக்கு மேல் நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. முடிவை முதலில் எழுதிவிட்டு விசாரணையை அதற்குக் கீழே அடுக்குவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலமே கோப்பை முடித்தேன். காரணம்: வெயிலில் கை வியர்த்து லீவர் வழுக்கியது. பரிகாரம்: கோடைக்கேற்ற கையுறை. இதற்கு மறுப்பு எழுத மேலதிகாரி யாரும் இல்லை.

முறைப்படி மூன்று கடைகளைப் பார்ப்பது என்று தீர்மானித்து, ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டேன். மேல்புறம் காற்றுப் போகும் வலைத்துணியா? உள்ளங்கையில் வழுக்காத தோல் உண்டா? முட்டிகளுக்கு மேல் காப்பு உண்டா? மணிக்கட்டில் ஒட்டுப்பட்டை இறுகுமா? தாளின் கீழே ஒப்பத்துக்கு இடம்கூட விட்டிருந்தேன். யாருடைய ஒப்பம் என்பது வேறு விஷயம்.

மறுநாள் முதல் கடையில் கறுப்புத் தோல் கையுறை ஒன்றைக் காட்டினார்கள். குளிர்நாட்டில் கரடி வளர்ப்பவனுக்கு உதவும். இரண்டாவது கடையில் விரல் நுனி இல்லாதது இருந்தது. காற்றோட்டத்துக்குக் குறையில்லை. ஆனால் விழும்போது நுனியை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டேன். விற்ற பெண்மணி, ஏன் விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள் என்றாள். நியாயமான கேள்விதான். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது கடை காமராஜர் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், முன்பு மெக்கானிக்காக இருந்தவர். நான் நீட்டிய தாளைப் பார்க்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மேசைமேல் ஒரு துண்டை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் இரண்டு நட்டுகளை வைத்தார்.

"ஒன்னு பத்து எம்எம், ஒன்னு பதினாலு. கையுறைய மாட்டிக்கினு, கண்ண மூடிக்கினு, எது பெருசுன்னு சொல்லுங்க சார். சொல்ல முடிஞ்சா அந்தக் கையுறையில பிரேக் புடிக்கலாம். முடியலன்னா அது பொங்கப் பானை எறக்கத்தான் ஆவும்."

அவருடைய தேர்வு முறை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் பொருள் வந்து சேர்ந்த பிறகுதான் சோதனை நடக்கும்.

முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி. இடது கை உடனே சொல்லிவிட்டது. வலது கை தயங்கியது. குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னேன். தப்பு. துணி தடிமன் என்றேன். அவர் இன்னும் மெல்லியதை எடுத்தார். அதுவும் தப்பு. உள்ளங்கையில் தையல் உறுத்துகிறது என்று ஒரு குறிப்பு வைத்தேன். மூன்றாவதாக வந்தது வெள்ளை வலைத்துணி, கொசுவலையில் தைத்ததைப் போல, ஊதினால் காற்று மறுபக்கம் வந்தது. அதைவிட லேசாக உலகத்தில் எதுவும் கிடையாது என்றார். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். வலது கட்டைவிரலுக்கும் நடு இரண்டு விரல்களுக்கும் இடையே ஏதோ இருந்தது. என்னவென்றுதான் தெரியவில்லை.

இதுவும் தடிமன் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கையாலேயே பார்த்துவிடுவோம் என்றேன். வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடி, ஒரு நட்டைத் தூக்கினேன். உருட்டினேன். நன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு, பல வருடம் கையெழுத்துப் போட்ட தோரணையோடு, சின்னது என்றேன்.

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்," என்றார் கடைக்காரர், மெதுவாக. "நட்டு கீழ வுழுந்து ரொம்ப நேரமாவுது."

கண்ணைத் திறந்தேன். இரண்டு நட்டுகளும் துண்டின்மேல் இருந்தன. என் மூன்று விரல்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றன. பிரேக் பிடிக்கும் விரல்கள்.

எனக்கு ஒரு மருத்துவச் சான்று நினைவுக்கு வந்தது. போன மாதம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தபோது வைத்தது. எல்லாப் பத்திகளையும் நானே நிரப்பி, கைகால்களில் குறை ஏதும் இல்லை என்று நானே எழுதி, மாதா கோவில் திருவிழாவில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு டாக்டரிடம் நீட்டினேன். தெரிந்தவர். எல்லாம் நல்லாத்தான இருக்கு என்று கேட்டார், இருக்கு என்றேன், கையெழுத்துப் போட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் கொடுத்த காகிதத்தில் ஒருபோதும் பிழை இருந்ததில்லை. பேனா அப்போதே விரலில் நழுவிக்கொண்டிருந்தது, அதற்கு மட்டும் பத்தி இல்லை.

கடைக்காரர் கையுறை எதையும் விற்கவில்லை. பைக்கை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழியில் ஒருவர் பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கைப்பிடி ரப்பர் கொதித்தது. இடது கை எரிந்தது, வலது கை எரியவில்லை. எரிய வேண்டும் என்று அந்த ஒரு மைல் தூரமும் வேண்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மனைவி வாசல் கதவைப் பிடித்தபடி நின்றாள். வழியெல்லாம் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. சிக்னலில் பிரேக் பிடித்தேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

அவள் என் வலது கையை எடுத்து, சட்டைப் பொத்தானைக் காட்டினாள். மேலிருந்து மூன்றாவது, தப்பான ஓட்டையில் மாட்டியிருந்தது.

"ரெண்டு மாசமா இப்படித்தான் போட்டுக்கினு கீறீங்க," என்றாள். "நான் ஏன் ஒங்க இடுப்ப அப்படிப் புடிச்சிக்கினு வரேன்னு நெனச்சீங்க?"

உண்மையைச் சொன்னால், நான் வேறு காரணம் நினைத்திருந்தேன். இந்த வயதில் அது சற்று அதிகப்படியான அனுமானம்தான்.

தெரிந்துகொண்டும் ஏன் ஏறினாய் என்று கேட்டேன்.

"அக்காளுக்கு சோறு போவணும். நீங்களும் சொன்னா கேக்குற ஆளா?" என்றாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தனியா உட்டா எங்கனா மோதிப்பீங்கன்னு பயம்," என்றாள்.

சாவியை வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் கைவைத்து எடுக்கத் துணியாத இடம் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கேரியரோடு ஆட்டோவில் போனோம். அக்காவுக்குச் சோறு கொடுத்துவிட்டு ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். விவரத் தாளை நீட்டினார்கள். என்ன தொந்தரவு என்ற பத்தியை மனைவியை நிரப்பச் சொன்னேன். டாக்டர் என் வலது கையை மேசைமேல் வைத்து, கண்ணை மூடுங்கள் என்றார்.

நான் மூடவில்லை. இன்னொரு முறை சொன்னார். மூடினேன். விரல்களில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. இடுப்புப் பக்கம் சட்டையை மனைவி இறுக்கிப் பிடித்திருந்தாள், அது தெரிந்தது.