புவனேஸ்வரியின் நான்கு மாடுகள்

அரியலூரில் பெரம்பலூர் சாலை முனையில் தார்ப்பாய் தைக்கும் புவனேஸ்வரிக்கு நான்கு கறவை மாடுகள் உண்டு. நான்கையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அரசாங்கத் தஸ்தாவேஜில் அவை இருக்கின்றன. அதுவும் கொட்டகை இல்லாமல், தீவனம் இல்லாமல் பட்டினி கிடக்கின்றன. அரசாங்கம் பொய் சொல்லுமா?

புவனேஸ்வரி விக்கிரமங்கலத்தில் பிறந்து அரியலூருக்கு வாக்கப்பட்டவள். பத்தாவது பாஸ். புருஷன் இளையபெருமாள் சிமெண்டு லாரி டிரைவர். சிமெண்டு லாரிக்கு என்ஜினை விடத் தார்ப்பாய் முக்கியம். என்ஜின் நின்றால் வண்டிதான் நிற்கும். தார்ப்பாய் கிழிந்து மழை இறங்கினால் லோடு முழுக்கக் கல்லாகிவிடும். ஒருநாள் அவன் கிழிந்த பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து போட, ரவிக்கை தைக்கிற மிஷினில் கொடுத்துப் பார்த்தாள். மூன்று ஊசி முறிந்தது, கிழிசல் மூடிக்கொண்டது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு டிரைவர்கள் பாயும் கையுமாக வாசலில் நின்றார்கள்.

1999 ஆவணியில் அவனுடைய லாரி முதலாளி அய்யம்பெருமாளே வந்துவிட்டார். பதினோரு லாரிக்குச் சொந்தக்காரர்.

“இந்தாம்மா, பதினோரு பாயும் உனக்கே தரேன். ஆனா இந்த ரவிக்கை மிஷின நம்பித் தர மாட்டேன். கனத்த மிஷின் ஒண்ணு வாங்கிப் போடு. ஐப்பசி மழைக்கு முன்னாடி அத்தனையும் ரெடியாவணும். இல்லாட்டி திருச்சிக்கு அனுப்பிடுவேன். ஒரு தடவ திருச்சிக்குப் போயிட்டா அப்புறம் எப்பவும் அங்கதான்.”

கனத்த மிஷின் வாங்க ஒரே வழி, சுயதொழில் தொடங்குகிறவர்களுக்கு மானியத்தோடு கடன் தரும் அரசாங்கத் திட்டம். அதற்கான ஆபீஸ் மாவட்டத் தலைநகரான பெரம்பலூரில். விண்ணப்பத்தோடு திட்ட அறிக்கை என்று ஆறு பக்கம் வைக்க வேண்டும். அதை அடித்துத் தருவதற்கென்றே எதிர்ச்சாரியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார் குழந்தைவேல். அவரிடம் மாதிரி அறிக்கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கறவை மாடு வளர்ப்பு. ஜெராக்ஸ் கடைக்காரன் வந்தாலும் சலூன்காரன் வந்தாலும் அதே அறிக்கைதான். முதல் பக்கத்தில் பெயரும் தொழிலும் மட்டும் மாறும்.

“மீதி அஞ்சு பக்கத்தையும் மாத்த வேணாமாண்ணே?” என்று கேட்டாள் புவனேஸ்வரி.

“எதுக்கும்மா? அஞ்சு வருசமா அடிக்கிறேன். மொதப் பக்கத்தத் தாண்டி எந்தச் சாரும் போனதில்ல. கையில வாங்கினா கனமா இருக்கணும், அவ்வளவுதான்.”

ஐந்து வருட அனுபவத்தோடு அவள் எங்கே மல்லுக்கட்டுவது?

நேர்காணல் ஜோராக நடந்தது. “தார்ப்பாய்க்கு இங்க என்னம்மா கிராக்கி?” என்று கேட்டார் ஓர் அதிகாரி.

“வர்ற வழியில எத்தன சிமெண்டு லாரி பாத்தீங்க சார்?”

“எண்ணலையே.”

“எண்ண முடியாது சார். அதான் கிராக்கி.”

குழு மொத்தமும் சிரித்தது. அதிகாரிகள் சிரித்தால் காரியம் முடிந்தது என்று நம்பிக்கொண்டு வீடு திரும்பியவள், கூடத்து மூலையில் இருந்த அரிசி டிரம்மை நகர்த்தி மிஷினுக்கு இடம் செய்து வைத்தாள்.

புரட்டாசி நடுவில் கடிதம் வந்தது. “தாங்கள் தொடங்க உத்தேசித்துள்ள தார்ப்பாய் தையல் தொழிலுக்கு, நான்கு கறவை மாடுகளுக்கான கொட்டகையும் பசுந்தீவனம் பயிரிட நிலமும் தங்களிடம் இல்லாத காரணத்தால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.”

இளையபெருமாள் இரண்டு தடவை படித்தான். “புவனா, மாட்ட எங்க கட்டி வச்சிருக்க?”

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அரிசி டிரம்மைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள். பகல் முழுக்க முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். சாயங்காலம் அடுத்த வீட்டுக் காத்தாயி சொம்போடு வந்து நின்றாள்.

“நாலு மாடாமே! ஒரு சொம்பு பாலு ஊத்துனா கொறஞ்சா போயிடுவ?”

முந்தானைக்குள்ளிருந்து முதலில் ஒரு விசும்பல் வந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்து முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பெரம்பலூர் கிளம்பினாள்.

ஆபீஸில் குமாஸ்தா அடைக்கலசாமிக்கு முகமெல்லாம் பெருமை. “இங்க யாரும் எதையும் படிக்கிறதில்லன்னு ஊரெல்லாம் பேசுது. ஆறாவது பக்கம் வரைக்கும் நான் படிச்சிருக்கேன் பாத்தீங்களா?”

அரசாங்க ஆபீஸ்களை ஓயாமல் குறை சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

“மாடு தப்பா வந்துடுச்சு சார். எடுத்துடுங்களேன்.”

“அதெப்படிம்மா? பதிவாயிடுச்சே. அடுத்த வருசம் புதுசா போடுங்க.”

அடுத்த வருஷத்துக்குள் பதினோரு பாயும் திருச்சி போய்ச் சேர்ந்திருக்கும். புவனேஸ்வரி நேராகச் சாலையைத் தாண்டிக் குழந்தைவேலிடம் போனாள். கடிதத்தைப் படித்த மனிதர், வீட்டுக்குள் திருடன் புகுந்தது போல அலறினார். “ஐயய்யோ, படிச்சிருக்காங்களே!”

“படிச்சிட்டாங்கண்ணே. நீங்க வர்ற ஞாயித்துக்கெழம அரியலூர் வாங்க.”

“எதுக்கும்மா?”

“அஞ்சு வருசமா தட்டித் தட்டிப் பழகுன கையி. பாய்க்குக் கயிறு கோக்குற வளையம் தட்டட்டும். வரலன்னா இந்த லெட்டர உங்க டேபிளு மேலயே ஒட்டிட்டுப் போயிடுவேன். பொழப்பு எப்படி நடக்குதுன்னு பாத்துக்கங்க.”

குழந்தைவேல் வந்தார், டிபன் பாக்ஸோடு.

ஊசிக்கும் ஆள் கிடைத்தது. காத்தாயி, மண்டியில் கடலை மூட்டைக்கு வாய் தைக்கிறவள். “மிஷினு வந்தாத்தான் தச்சுக்குவேன்னு பாயா சொல்லிச்சு?” என்று வெற்றிலையைக் குதப்பியபடி கோணி ஊசியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். சணல் நூலில் மெழுகு ஏற்றி இருவருமாகத் தைக்க ஆரம்பித்தார்கள்.

அய்யம்பெருமாள் ஆள்விட்டுக் கேட்டார். “மிஷின் வந்துடுச்சா?”

“ரெண்டு வந்திருக்குன்னு சொல்லு. ஒண்ணு வெத்தல கூடப் போடும்.”

இந்தப் பதிலின் அர்த்தம் விளங்காமலேயே அவர் பாய்களை இரண்டிரண்டாக அனுப்பிவைத்தார். குழந்தைவேல் ஞாயிறு தவறாமல் வளையம் அடித்தார். இரண்டு பக்கமும் மார்ஜின் விட்டு, வரிசை பிசகாமல் அடித்தார். அந்த அழகுக்காகவே டிரைவர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை மழை இறங்கிவிட்டது. பத்துப் பாய் முடிந்திருந்தது. பதினோராவது பாதியில் கிடந்தது. அய்யம்பெருமாள் நனைந்தபடி உள்ளே வந்தார்.

“உன் வூட்டுக்காரன் வண்டிதாம்மா லோடோட ஷெட்டுல நிக்குது!”

“தெரிஞ்சுதான் மொதலாளி கடைசியா வச்சேன். அடுத்தவங்க வண்டி நின்னா பத்து வாயி திட்டும். இவரு ஒரு வாயிதான்.”

அப்போதுதான் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மிஷின் இல்லை. தரையில் பாயை விரித்து இரண்டு பெண்கள் எதிரெதிரே குனிந்திருந்தார்கள்; ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட் சுத்தியலோடு. அய்யம்பெருமாள் தையலில் விரலைக் கொடுத்து இழுத்தார். கொக்கி போட்டு இழுத்தார். கடைசியில் காலை ஊன்றி இழுத்தார். வேட்டி அவிழப் பார்த்ததே தவிர, தையல் அசையவில்லை.

“கையாலயா?”

“ஆமாங்க.”

“சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லலீங்க.”

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பதினோராவது பாய் முடிகிற வரைக்கும் அங்கேயே குந்திக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது சொன்னார்: “வர்ற வருசமும் கொண்டாந்து போடுறேன்.”

அடுத்த வருஷம் அவள் கடனுக்கு விண்ணப்பம் போடவில்லை. மாடு பெருகிவிடும் என்று பயம். இரண்டு வருஷம் கோணி ஊசியிலேயே ஓட்டி, சாலை முனையில் ஒரு கொட்டகை போட்டு, பழைய மிஷின் ஒன்றை வாங்கி நிறுத்தினாள். மிஷினுக்கு மேலே சாமி படம். அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட நிராகரிப்புக் கடிதம். டிரைவர்கள் முதலில் சாமியைக் கும்பிடுவார்கள். பிறகு கடிதத்தைப் படித்துவிட்டு, “மாடெல்லாம் சௌக்கியமா?” என்று விசாரிப்பார்கள்.

2001 தொடக்கத்தில் அரியலூர் தனி மாவட்டமானது. ஃபைல்கள் லாரியேறி அரியலூர் வந்தன. அடுத்த வருஷமே மாவட்டம் பழையபடி பெரம்பலூரோடு சேர்ந்துகொண்டது. ஃபைல்கள் அதே சாலையில் திரும்பிப் புறப்பட்டன. அன்று பார்த்துக் கோடை மழை. காகிதக் கட்டுகளோடு வந்த லாரி ஒன்று புவனேஸ்வரியின் கொட்டகை முன்னால் நின்றது. பாய் நட்டநடுவில் பிளந்திருந்தது. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு குதித்து இறங்கியவர் அடைக்கலசாமி.

“சீக்கிரம்மா, ஃபைலெல்லாம் நனையுது!”

கடகடவென்று தைத்துக் கொடுத்தாள். காத்திருந்த நேரத்தில் அவர் சுவரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த கடிதத்தை முழுவதும் படித்தார். அவர்தான் எதையும் முழுவதும் படிப்பவராயிற்றே. பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“ஏம்மா, நீங்க... மாட்டுப் பண்ணதானே வச்சிருந்தீங்க?”

புவனேஸ்வரி பாயை லாரியின் மேல் வீசி இழுத்து, கயிற்றைத் தானே முடிச்சுப் போட்டாள்.

“ஆமா சார். நாலும் இந்த லாரியிலதான் போவுது. நனையாம பாத்துக்கங்க.”