கட்டைவிரல் எந்தப் பக்கம்?

'ஆயிரம் ஆண்டு வயதான மரம்' என்று பலகையில் எழுதச் சொன்னபோது, "யார் சார் எண்ணினது?" என்று கேட்டவள் அவள். ரேஞ்சருக்கு அது பிடிக்கவில்லை. அவளும் விடவில்லை. அதே இனத்தில், அதைவிடப் பருமன் குறைந்த மரமொன்று புயலில் சாய்ந்து, வழியை அடைக்கிறதென்று அறுத்துப் போடப்பட்டிருந்தது. ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் அதன் வெட்டுமுகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசி முனையை நகர்த்தி நகர்த்தி வளையங்களை எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டுக்கு அப்பால் நடுவில் பொந்து. ஆகவே 'நானூறு வயதுக்கு மேல்' என்றுதான் எழுதினாள். 'மேல்' என்ற சொல்லுக்குள் எத்தனை நூறு ஆண்டுகள் வேண்டுமானாலும் அடங்கும். பொய் மட்டும் அடங்காது.

அந்தக் காட்டில் எல்லாரும் அவளைப் பலகையக்கா என்பார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வன அலுவலகத்தைப் பெருக்க வந்தவள். பலகை எழுதிக்கொண்டிருந்தவர் ஒருநாள் யாருடனோ முறுக்கிக்கொண்டு போய்விட, பாதை பிரியுமிடத்தில் அம்புக்குறி தப்பான பக்கம் காட்டுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தூரிகையை எடுத்தாள். இன்னும் கீழே வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் அவள் இன்றைக்கும் 'பெருக்குபவர்'தான். காடு முழுக்கப் பெயர் எழுதி வைத்தவளின் வேலைக்கு ஒரு சரியான பெயர் எழுத அங்கே ஒருவருக்கும் கை வரவில்லை.

நடைபாதை ஏழு கிலோமீட்டர். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் மரங்கள். வழி நெடுக அறுபத்து மூன்று மரக்கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் அம்பும். முப்பதாம் கம்பத்தருகே மரங்கொத்தி. நாற்பத்தைந்தில் காலை ஏழரைக்கு மான்கள் பாதையைக் கடக்கும். அவளைக் கண்டால் இப்போதெல்லாம் ஓடுவதுகூட இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அத்தனை கம்பங்களுக்கும் வண்ணம் பூசுவது அவள் வேலை.

அந்த ஆண்டு பூசி முடித்த இரண்டே வாரத்தில் பதினொரு கம்பங்கள் சிதைந்து கிடந்தன. சில பாதியில் முறிந்திருந்தன, சிலவற்றில் சிராய் சிராயாக உரிந்திருந்தது.

"விறகு பொறுக்குறவங்கதான். கட்டை வேணும், உடைக்கிறாங்க. இதுல ஆராய்ச்சி என்ன இருக்கு?" என்றார் ரேஞ்சர்.

காட்டோரத்துப் பெண்கள் இருபத்தாறு பேர். உதிர்ந்த சுள்ளியை மட்டும் பொறுக்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கள். அதில் ஒருத்தி பலகையக்காவின் நாத்தனார். திங்கட்கிழமை முதல் அவர்கள் வாசலைத் தாண்டக் கூடாதென்று உத்தரவாயிற்று. வாசலுக்கு ஒன்று, உள்ளே பாதை பிரியுமிடத்துக்கு ஒன்று என இரண்டு தடைப் பலகைகள் எழுத வேண்டும். எழுத வேண்டியவள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று மாலை நாத்தனார் அவள் வீட்டு வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"எங்களைத் திருடின்னு நீயே எழுதப் போறியாமே அண்ணி? நல்லா சுழிச்சு, அழகா எழுது. தூரத்துல இருந்தே தெரியணும்ல."

"எழுதத்தான் போறேன். முதல்ல ஒண்ணு சொல்லு. எண்ணெய் பெயிண்ட் அடிச்ச கட்டையை அடுப்புல வைப்பியா?"

"வச்சா அந்தச் சோத்தை யாரு திங்கிறது? வீடே பெட்ரோல் பங்க் மாதிரி நாறும்!"

பலகையக்கா உடைந்த கம்பங்களின் எண்களை எழுதி வைத்திருந்த தாளை எடுத்தாள். மூன்று, ஏழு, எட்டு, பன்னிரண்டு... கடைசி முப்பத்தெட்டு. நாற்பதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. நாற்பதாவதோடு எண்ணெய் பெயிண்ட் தீர்ந்துபோய், மீதிக்குத் தண்ணீரில் கரைக்கும் பெயிண்டை அடித்தது அப்போதுதான் உறைத்தது. விறகு தேடுகிறவள் எரிக்க உதவாத கட்டையாகப் பார்த்துப் பார்த்தா உடைப்பாள்? அதுவும் உடைத்ததைப் போட்டுவிட்டா போவாள்?

மறுநாள் காட்டு வாசல் காவல்காரர் தம் பங்குக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "காட்டுக்குக் கோபம் அக்கா. மனுசன் நட்டது அதுக்குப் பிடிக்கல."

"கோபம் வந்தா எல்லாத்தையும் உடைக்கணும்ல? டப்பாவில என்ன பெயிண்ட்னு படிச்சுப் பார்த்தா கோபப்படும்?"

காவல்காரர் தலையைச் சொறிந்தார். அக்காவுக்கோ தலைக்குள் பொறி தட்டிவிட்டது. ஒரே மரத்தில், ஒரே நாளில் இரண்டு பலகைகளும் எழுதினாள்: 'கம்பங்களை உடைப்பதால் விறகு எடுப்பவர்களுக்குத் தடை.' வாசல் பலகைக்குத் தண்ணீர் பெயிண்ட். உள்ளே நடும் பலகைக்கு, புதிதாக வந்த டப்பாவிலிருந்து எண்ணெய் பெயிண்ட், தாராளமாக இரண்டு பூச்சு. நட்ட இடத்தைச் சுற்றி மண்ணைச் சலித்துப் பரப்பி, கையால் நீவிச் சமப்படுத்தினாள்.

திங்களன்று இருபத்தாறு பேரும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். நாத்தனார் பலகையை ஒருமுறை பார்த்தாள், அண்ணியைப் பார்க்காமல் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தாள். அங்கே புழுதியும் முள்ளும்தான் கிடைக்கும்.

புதன் காலை வாசல் பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. காவல்காரரோடு உள்ளே போனபோது அங்கிருந்த தடைப் பலகை குப்புறக் கிடந்தது. ஒரு மூலையைக் காணோம். காவல்காரர் மண்ணைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அக்கா... வெறுங்கால் தடம்."

அவள் குனிந்து பார்த்தாள். குதிகால், உள்ளங்கால், ஐந்து விரல். மனிதக் காலேதான். சலித்த மண் யாருக்காகவும் பொய் சொல்லாது என்று நம்பித்தானே பரப்பினாள்? நாத்தனாருக்குப் பாதகமாகச் சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். காலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், தடமே இருக்காது. அவள் தேய்க்கவில்லை. ரேஞ்சரைக் கூட்டி வரச் சொன்னாள்.

ரேஞ்சர் வந்தார், பார்த்தார், முகம் மலர்ந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? ஆளோட கால். தடை போட்டும் பூந்திருக்காங்க."

பலகையக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பலகைக்கு நேர் எதிரே இரண்டு தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், யாரோ நின்று படித்ததுபோல. ஏதோ இடித்தது. எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவற்றின் பக்கத்தில் தன் இரண்டு கால்களையும் அழுத்திப் பதித்து நகர்ந்தாள். அவளுடைய தடங்களில் கட்டைவிரல்கள் இரண்டும் நடுவில், ஒன்றையொன்று பார்த்தபடி. மற்ற இரண்டில் பெரிய விரல்கள் இரண்டும் வெளி ஓரங்களில்.

"சார், உங்க கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கு?"

ரேஞ்சர் தம் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "காலைப் பின்னிக்கிட்டு நின்னிருப்பா," என்றார், கொஞ்சம் சுருதி இறங்கி.

"காலைப் பின்னிக்கிட்டு நின்னு, பலகையைக் கடிச்சாளா சார்? விரலுக்கு முன்னாடி குழி குழியா இருக்கே, அது நகம். எங்க நாத்தனார் வாய்தான் கொஞ்சம் நீளம். நகம் இவ்வளவு இல்ல."

காவல்காரர் இருமிச் சிரிப்பை மறைத்தார். பலகையைப் புரட்டினாள். 'விறகு' என்ற சொல் பாதிதான் மிச்சம். மீதி இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பல் தடங்கள். காயாத பெயிண்டில் கறுப்பாக, தடித்த முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கரடி," என்றார் ரேஞ்சர் கடைசியில், யாரோ அவர் வாயைப் பிளந்து எடுத்ததுபோல. "சரி, அவங்களை உள்ள விடச் சொல்றேன். அந்த வாசல் பலகையைக் கழட்டி உள்ள போட்டுடு. முடிஞ்சுது."

"எங்க சார் முடிஞ்சுது? இருபத்தாறு பேரை உள்ளங்கை அளவு எழுத்துல திருடின்னு எழுதினது நான். அதே அளவுல இல்லைன்னு எழுதணும்."

"இதெல்லாம் பலகையில எழுதுற விஷயமாம்மா?"

"பழி போட்டது பலகையிலதானே சார்? வாய்ல சொல்லியிருந்தா வாய்லயே மன்னிப்பு கேட்டிருக்கலாம். இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. கரடிக்கு ஒரு தடை உத்தரவு போடுங்க, நான் எழுதித் தரேன், நீங்க போய்ப் படிச்சுக் காட்டுங்க."

ரேஞ்சர் அவளைப் பார்த்தார், மண்ணில் இருந்த நான்கு தடங்களைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சின்னதா எழுது," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவள் சின்னதாக எழுதவில்லை. வாசலில் அதே பலகையை வெள்ளையடித்து, அதே உள்ளங்கை அளவில் எழுதினாள்: 'கம்பங்களை உடைத்தது கரடி. விறகு எடுக்கும் பெண்கள் அல்ல. அவர்கள் உள்ளே வரலாம்.'

வியாழன் காலை நாத்தனார் அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். "கரடியோட கால் எங்க கால் மாதிரியா இருக்கு?" என்று தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, மூன்று நாளைக்குப் பின் முதல்முறையாக அண்ணியிடம் கேட்டாள்: "ஆமா, அதுக்கு ஏன் அந்த எண்ணெய் பெயிண்ட் மேல அவ்வளவு ஆசை?"

"தெரியல," என்றாள் பலகையக்கா. அப்படிச் சொல்வதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு நாத்தனாரிடம் நீட்டினாள்.

நாத்தனார் மூக்கை உள்ளேயே விட்டாள். "அண்ணி," என்றாள் மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு."