பாண் ஆட்டோ காட்டிக்கொடுத்தவன்

இன்றைய இணையக் கூட்டத்தில் நான் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டேனாம். அழவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன், அவ்வளவுதான்.

கூட்டத்தை நடத்தியது நான். ரோஸி டீச்சர் பேசத் தொடங்கியதும் ஒருவன் பொய்ப் பெயரில் நுழைந்து ஆபாசமாகக் கத்தினான். அவர் பேச்சு நின்றுவிட்டது. அவனை வெளியேற்றினேன். வேறு பெயரில் திரும்பி வந்து என்னிடம் கேட்டான்:

"என்னைய எங்கன்னு போய்த் தேடுவ, கெழவி?"

அவன் குரலுக்குப் பின்னால், தெருத்தெருவாக ரொட்டி விற்று வரும் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டது. ஹெட்போனைக் கழற்றினேன். அதே பாட்டு என் ஜன்னலுக்கு வெளியேயும் கேட்டது.

"தம்பி, பாண் வாங்கலயா?" என்றேன்.

ஆள் மறைந்துவிட்டான்.

எங்கள் ஊரான பலாபத்வலயில், இந்தக் குறுகிய ஒழுங்கையில் இன்டர்நெட் உள்ள வீடுகள் இரண்டே. ஒன்று என்னுடையது.

தம்பி, ஞாயிறு பூசையில் உன் அம்மா என் பக்கத்தில்தான் உட்காருவார். அதற்கு முன், ரோஸி டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, சொந்தப் பெயரில், இந்தப் பதிவின் கீழே எழுது.