நல்லெண்ணெய் போட்டுத் துடைத்த வால்வு

எங்கள் தெருவுக்குள் படகு வந்ததே, அந்த வெள்ளம் வந்த வருஷம்தான் இது. வெள்ளத்துக்கு முன்னால் வந்த ஆயுத பூஜை. படகில் ஏறச் சொன்னால் என் மனைவி கிரைண்டரையும் ஏற்று, அப்போதுதான் வருவேன் என்று அடம்பிடித்தாள். சரி, அது வேறு கதை.

அப்போது நான் வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி, ராக்கெட் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியின் மனையில் காவலுக்கு இருந்தேன். நாலு பக்கமும் தகர வேலி, நடுவில் மணல் மூட்டைச் சுவர். அதற்குள் ராக்கெட் என்ஜினைக் கட்டிப்போட்டுக் கொளுத்திப் பார்ப்பார்கள். பெரிதாக நினைக்க வேண்டாம், என் முழங்கை நீளம்தான். ஆனால் அதன் சத்தம் வயிற்றுக்குள் புகுந்து குடலை உலுக்கும். முதல் தடவை கொளுத்தியபோது வெளியே மேய்ந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, சைக்கிளில் வந்தவனை முட்டி எறிந்தது.

டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு பெண்தான் அந்தச் சோதனையை நடத்தினாள். கம்ப்யூட்டருக்குள் அதே என்ஜினுக்கு ஓர் இரட்டைப் பிறவி செய்து வைத்திருந்தாள். குழாய்க்குக் குழாய் ஒயர் ஒட்டியிருக்கும். இங்கே ஏறுகிற சூடு உடனே அங்கே தெரியும்.

"நிஜ என்ஜின் வெடிக்கிறதுக்கு முன்னாடியே இது சொல்லிடணும் தாத்தா. அதுக்குத்தான் இத்தனை வருஷமா உயிரை விடறேன்" என்பாள்.

ஆக்சிஜன் குழாய்ப் பக்கம் ஒரு சிவப்பு போர்டு மாட்டியிருந்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது. எண்ணெய் கூடாது என்று அவளே வாசித்துக் காட்டினாள்.

குழாய் மாட்டுகிற வேலை என் மச்சானுடையது. மனைவியின் தம்பி, மண்ணூர்பேட்டைப் பட்டறையில் தேர்ந்தவன். எங்களுக்குள் பேச்சு குறைவு. ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் சிந்திய சண்டையில் அவன் என் முன்பல்லை உடைத்தான், நான் சாம்பார் கரண்டியால் அவன் புருவத்தைக் கிழித்தேன்.

பூஜைக்கு மறுநாள் காலை சோதனை. என்ஜினை இன்னும் கொளுத்தவில்லை. மச்சான் போய் ஆக்சிஜன் வால்வைத் திருகினான். அவ்வளவுதான். பித்தளை தண்ணீர்போல் உருகித் தெறித்தது. வெள்ளையாக ஒரு தீ அவன் முகத்தில் அறைந்தது. எரிந்துகொண்டே என்னை நோக்கி ஓடி வந்தான். கீழே தள்ளி உருட்டி மணலை வாரிக் கொட்டினேன். கையைப் பிடித்துத் தூக்கினால் அவன் தோல் ஈரக் காகிதம்போல் என் கையோடு வந்தது.

ராக்கெட் வெடித்துவிட்டது என்று செய்தி பரவிவிட்டது. ஆம்புலன்ஸ் போன கொஞ்ச நேரத்தில் மச்சானின் மகன் ஆட்களோடு வந்து வேலியை உதைத்துச் சாய்த்தான். கையில் இரும்பு பைப்பு.

"எங்கப்பன எலி மாரி வெச்சி ஆராய்ச்சி பண்றியாடி?"

"என்ஜின் பத்தவே இல்லண்ணா. வால்வுலதான் முதல்ல சூடு ஏறியிருக்கு, கம்ப்யூட்டர்ல பாருங்க. அங்க எண்ணெய் பட்டிருக்கணும், ஆக்சிஜன் வேகமாப் பாஞ்சா எண்ணெய் தானாப் பத்திக்கும்."

"சாவக் கெடக்கற ஆளு மேல பழி போட்றியா?"

நான் குறுக்கே விழுந்தேன். ஓர் அடி என் தோளில் இறங்கியது. அடுத்த அடி அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய வழிய, கம்ப்யூட்டரை வயிற்றோடு அணைத்துக் குப்புற விழுந்துகிடந்தாள். முதுகில் உதைத்தும் விடவில்லை.

கம்பெனி முதலாளி வந்து பார்த்தார். தப்பு அவளுடையது என்று காலேஜுக்கு எழுதி, ஆராய்ச்சியையே இழுத்து மூடிவிடுவேன் என்றார். அவள் படிப்பு அன்றோடு போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு நினைவு வந்தது. கட்டுக்கு நடுவே வாய் மட்டும் தெரிந்தது. மகன் பக்கத்தில் நின்று, அந்தப் பெண்ணின் மண்டையை எப்படி உடைத்தேன் என்று பெருமை அடித்தான்.

"அந்தப் பொண்ண ஏன்டா அட்ச, பேமானி? நான்தான்டா வால்வுல எண்ண உட்டுத் தொடச்சேன்."

"எண்ண கூடாதுன்னு போர்டு கீதே மச்சான்?" என்றேன்.

"அது கிரீஸு, மெஷின் எண்ணய சொல்லிகீறாங்க மாமே. நான் உட்டது சாமிக்கு உட்ற நல்லெண்ண. பூஜ அன்னிக்கு எல்லா மிஷினும் பளபளன்னு கீது, அது மட்டும் வறட்டா கெடந்தா நல்லாவா கீது?"

மகன் சுவரில் தன் தலையை மோதிக்கொண்டான். நர்சுகள் ஓடிவந்து பிடித்தார்கள்.

"ஒன் மண்டைய அப்பறம் ஒடச்சிக்க, மொதல்ல வா" என்று சட்டைக் காலரைப் பிடித்து முதலாளியிடம் இழுத்துப்போனேன். அப்பன் சொன்னதை அப்படியே சொன்னான். முதலாளி எழுதவிருந்ததை எழுதவில்லை. நெற்றியில் தையலோடு அந்தப் பெண் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தாள். மச்சான் மகன் மன்னிப்புக் கேட்டபோது அவள் கம்ப்யூட்டரை விட்டு முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. மச்சானுக்கு ஒரு கண் போயிற்று, வலது கை விரல்கள் போயின.

ஆக்சிஜன் சிலிண்டர் வைத்து வெல்டிங் அடிக்கிற பட்டறை அம்பத்தூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. உங்களுக்கு யாரையாவது தெரிந்திருக்கும். அடுத்த ஆயுத பூஜைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சிலிண்டருக்கு மாலை போடட்டும், கற்பூரத்தைத் தள்ளிக் காட்டட்டும். வால்வுப் பக்கம் எண்ணெய்க் கையோடு போக வேண்டாம், அது சாமி எண்ணெயாக இருந்தாலும். கேட்டவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.