லீவருக்குள் ஒட்டிய ஹொக்கி டேப்

1. செட்டில்

"அக்கா, விரல்! விரல்!" என்று நிரோஷன் கத்தியபோது, நான் கமராவுக்குப் பின்னால் நின்று என் வேலையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ரொறன்ரோவில் எடுக்கும் தமிழ்த் தொடர்களுக்கு ப்ரொப்ஸ் பார்ப்பது என் தொழில். தேநீர்க் கோப்பையோ துப்பாக்கியோ, நடிகர் கையில் எடுப்பதெல்லாம் என் பொறுப்பு. அந்த முறை சேகர் அண்ணை ஒரு கௌபோய்த் தொடர் இயக்கினார். மில்லிக்கனில் ஒரு வெயர்ஹவுஸுக்குள் மதுக்கடை செட். கதாநாயகன் நிரோஷன், வாரநாட்களில் மோர்னிங்சைடில் ஒரு லாப்பில் பொய்ப்பல் செய்கிறவன். அவனுக்குச் சோறு போடுவது அந்த விரல்கள்தான்.

துப்பாக்கி சுடாத டம்மி. ஆனால் கனம் உண்டு. விசைக்குக் கீழே இருக்கும் லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த குண்டு ஏறும் வகை. பழைய டிவி வெஸ்டர்ன்களில் கதாநாயகன் லீவரை மட்டும் ஒரு கையால் பிடித்து, முழுத் துப்பாக்கியையும் ஒரு சுற்றுச் சுற்றிக் குண்டேற்றுவான். அதற்கு லீவர் பெரிய வளையமாக இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் விரல் முறியும். குழாயும் குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கக்கத்தில் இடிக்கும். இரண்டையும் நான் சரியாகவே செய்திருந்தேன்.

இரண்டு வாரப் பயிற்சியில் நிரோஷன் அழகாகச் சுற்றப் பழகிவிட்டான். ஆனால் இரும்பு உரசி விரல் முட்டிகள் சிவந்துபோயின. சனிக்கிழமை காலை அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊரில் பனி அள்ளும் சவளின் பிடி உட்பட எதற்கும், மட்டையில் சுற்றும் ஹொக்கி டேப்தான் மருந்து. வளையத்தின் உட்புறம் இரண்டு சுற்றுச் சுற்றினேன். நான் ஒரு தடவை சுழற்றிப் பார்க்கவுமில்லை, அவனிடம் சொல்லவுமில்லை. வெறும் டேப்தானே என்ற நினைப்பு.

ஹொக்கி டேப் இருப்பதே கை வழுக்காமலிருக்க. இந்த வித்தைக்கோ கை வழுக்கியே ஆகவேண்டும். துப்பாக்கி பாதி சுற்றும்போது விரல்கள் வளையத்துக்குள் நகரவில்லை. துப்பாக்கியின் பாரம் இரண்டு விரல்களை முறுக்கிவிட்டது.

"கட்! நேற்று நல்லாச் சுத்தினாய். இண்டைக்கு என்னடா?" என்றார் சேகர் அண்ணை.

"தெரியேல்லை அண்ணை. என்ர பிழையாத்தான் இருக்கும்."

ஓடிப்போய் அவனிடமிருந்து வாங்கிய துப்பாக்கி அப்போது என் கையில் இருந்தது. ஒரு இழுவையில் டேப்பை உரித்துச் சட்டைப்பைக்குள் போட்டிருக்கலாம், எவரும் கண்டிருக்கமாட்டார்கள். அந்த எண்ணம் வந்தது உண்மை, இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"அவன்ர பிழையில்லை அண்ணை. நான் உள்ளுக்கு டேப் சுத்தினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நல்ல வேலை பாத்தீர்! முதல்ல அவனைக் கொண்டுபோய்க் காட்டும்."

2. எமர்ஜென்சியில்

காரில் அவன் வலியைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா, திங்கக்கிழமை ஒரு அன்ரிக்கு மேல்வரிசைப் பல்லு முழுக்க முடிச்சுக் குடுக்கவேணும். மகளின்ர கலியாணம் வருது. இந்தக் கையால ஏலுமோ தெரியேல்லை."

அந்த அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நிற்பதுபோலவே எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த சனமெல்லாம், கௌபோய்ச் சப்பாத்தும் தொப்பியுமாக வந்தவனை வேடிக்கை பார்த்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஐஸ் கட்டிய கையோடு சிரித்தபடி வந்தான்.

"முறிவில்லை அக்கா. சுளுக்குத்தானாம். நாளைக்கு வீக்கம் வத்தினால் சின்ன வேலை செய்யலாமாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன்.

"விரல் என்ர. நீங்கள் ஏன் அழுறியள்?" என்றான்.

திங்கள் மாலை போன் எடுத்தான். பல்லுக் கொடுத்தாயிற்று, அன்ரி கண்ணாடி பார்த்துச் சிரித்தாவாம். அன்றிரவுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

கை ஆறியபின் அதே காட்சியை மறுபடி எடுத்தோம். துப்பாக்கியை நீட்டினேன். அவன் உடனே வாங்கவில்லை. வளையத்துக்குள் ஒரு விரலை விட்டு முழுதாகத் தடவிப் பார்த்தான்.

"சந்தேகமில்லை அக்கா, சும்மா..." என்று நெளிந்தான்.

"சந்தேகப்படு. இன்னொருக்காப் பார்," என்றேன்.

இப்போது யார் கையில் எதைக் கொடுத்தாலும், அவர்கள் அதைத் தடவிப் பார்த்து முடிக்கும்வரை என் பிடியை விடுவதில்லை.