செடிவேலித் தோட்டத்தில் ஒரு செபமாலை

பிற்பகல் மூன்று இருபதுக்குப் பேருந்தில் ஏறியவர்களை எண்ணினார்கள். ஒரு ஆள் குறைந்தது. அது என் மகள். அப்போது ஒன்பது வயது.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து கோடைதோறும் ஒரு நாள் சுற்றுலா போவோம். பெரும்பாலும் யாத்திரைத் தலம்தான். அந்த வருடம் மட்டும், கனடாவில் நாங்கள் இருக்கும் மொன்றியலிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் ஆற்றோரமாக இருந்த ஒரு பழைய தோட்டத்துக்குப் போகலாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நூலகத்தில் அதைப் பற்றி வாசித்த வினை. தொழிற்சாலைச் சாமான்களில் அலுத்துப்போய், எல்லாம் கைவேலையாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டாக்கிய தோட்டம். கல்லடுக்கு மதில்கள், ஆளுயரத்துக்கு மேலான செடிவேலிகள். வேலிகளுக்கு நடுவே, வீட்டு அறைகளைப் போல ஒன்றுக்குள் இருந்து ஒன்றுக்குப் போகும் பூப்பாத்திகள்.

எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்தும் அக்காவுக்கு அது பிடிக்கவேயில்லை. "இவ்வளவு நிலம் கிடக்கு, ஒரு கத்தரிக்கண்டு வைக்கேல்லை பாருங்கோ" என்று மத்தியானம் கட்லட் சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அழகான அறைகள்தான் இப்போது எமனாகிவிட்டன. முப்பது பேர் முப்பது மூலையில் நின்று மகளைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தின் கடைசியில் ஆறு இருப்பது நினைவுக்கு வந்ததும் கணவரும் மற்ற ஆண்களும் அங்கே ஓடினார்கள். நானும் ஓடினேன். வெள்ளைப் பூக்கள் மட்டும் நின்ற அறையில் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்த அக்கா கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தார்.

"எழும்பாதை பிள்ளை. இருந்த இடத்திலயே துவங்கு."

"தேடப் போக வேணும் அக்கா."

"தேட ஆம்பிளையள் இருக்கினம். ஓடி ஓடி நீயும் துலைஞ்சால் ஆர் உன்னைத் தேடுறது?"

துவங்கினேன். பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து; மணிக்கொரு 'அருள் நிறைந்த மரியே'. வேறு நாலைந்து பெண்களும் வந்து முழந்தாளிட்டார்கள். தோட்டக்காரப் பெண்மணி ஓடிவந்தவர், எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, யாராவது இறந்துவிட்டார்களா என்று பிரெஞ்சில் மெல்லக் கேட்டார்.

"வாயைக் கழுவச் சொல்லு" என்று அக்கா தமிழில் சொல்லிவிட்டு செபமாலையின் அடுத்த மணிக்குப் போனார்.

என் வாய் செபித்தது. காது ஆற்றுப் பக்கம் இருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கடைசி ஆமென் சொல்லி முடித்ததும் முதுகுப் பக்கத்து வேலி சரசரத்தது. அதன் மூலையைச் சுற்றிக்கொண்டு மகள் வந்தாள். இரண்டு முழங்காலிலும் பச்சைப் புற்கறை.

கட்டிப்பிடித்தேனா, அடித்தேனா, தெரியாது. இரண்டும் செய்ததாக அக்கா சொல்கிறார்.

"எங்கையடி இருந்தனீ?"

"குளத்தில தவளை பாத்துக்கொண்டு. எல்லாரும் எல்லாப் பக்கத்தாலையும் கூப்பிட்டீங்கள், எந்தப் பக்கம் வாறதெண்டே தெரியேல்லை. செபமாலைச் சத்தம் மட்டும்தான் ஒரே இடத்தில நிண்டது. அதைக் கேட்டு வேலிக்கு அங்கால வந்திட்டன்."

"வந்தனீ, ஏன் 'அம்மா' எண்டு ஒரு குரல் குடுக்கேல்லை?"

"செபமாலை நடக்கேக்கை ஆரும் கதைக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே வீட்டில சொல்லுறனீங்கள். அங்காலையே முழங்காலில நிண்டு சொன்னனான்." மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைக் கொஞ்சம் கண்டிப்பாகப் பார்த்தாள். "அம்மா, நாலாவது பத்தில நீங்கள் ஒன்பதுதான் சொன்னனீங்கள்."