துண்டுக்கு மேல் ஹெல்மெட்

“…அதெல்லாம் சரிதான் தம்பி, ஆனா துண்டு இருக்குற எடத்துல இருக்கட்டும். அதுக்கு மேல நிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துப் போடுங்க” என்றார் மாமா.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். அவருடைய மேசை மேல் ஹெல்மெட்டுகள் சந்தையில் பரங்கிக்காய் குவித்தது போலக் கிடந்தன. அத்தனையும் மாமாவின் தலைத்துண்டு மேல் ஏறி, நிற்காமல் இறங்கியவை.

மாமா என் அம்மாவோடு பிறந்தவர். ஒரத்தநாட்டுப் பக்கத்தில் விவசாயம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஜோடியாக நின்று கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் போனால், “ஏன், அந்தம்மாவுக்கு எங்க வீட்டு வாசப்படி ஒத்துக்காதாமா?” என்று ஆரம்பித்து, கல்யாணத்தன்று அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை கூட வராது. சொந்தக்காரர்களோ ஆளுக்கொரு வாய்க்கால் ஓரமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் பாதை என்பது வரப்புக்கு அண்ணன், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் மட்டும் போகும். அந்த மோட்டார் சைக்கிளில்தான் அத்தை ஏற மாட்டேன் என்றுவிட்டார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகைக் கட்டு பிரிக்கப்படாமல் பீரோ மேல் இருந்தது.

எல்லாம் முதல் ஹெல்மெட் செய்த வேலை. அப்போதுதான் போலீஸ்காரர்கள் மடக்கி மடக்கிப் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மாமா வைக்கோலைக் கயிறாக முறுக்கிய ஒரு பிரியால் தலையைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, இந்த அளவுக்கு வாங்கி வா மாப்ள என்று என்னிடம் கொடுத்தனுப்பினார். நாற்று முடியோ, போர் கட்டோ, அவருக்கு எதையும் பிரியால் அளந்துதான் பழக்கம். உள்ளூர்க் கடையில் இருந்தவர் அந்தப் பிரியைத் தூக்கிப் பார்த்து, இது மனுஷத் தலைக்கா, மாட்டுக்கா என்று கேட்டுவிட்டு, இருப்பதில் பெரியதை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மாமா துண்டைக் கட்டிக்கொண்டே, துண்டோடு சேர்த்துத் தலையை அளந்திருக்கிறார்.

துண்டுக்கு மேல் அது என்னவோ கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. “கொழுக்கட்டை மேல குண்டானக் கவுத்த மாதிரி இருக்கு” என்றார் அத்தை. மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த சந்தை நாளன்று அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை மேல் போனார். நான் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். மதகு வளைவில் மாமா தலையைத் திருப்பினார். தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை. உள்ளே துண்டு நழுவி, முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஹெல்மெட்டின் முதுகு வந்து சேர்ந்தது. வண்டி நேராகப் பக்கத்து வீட்டுக்காரர் நாற்றங்காலில் இறங்கியது. இளம் நாற்றுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தார் மாமா. உள்ளேயிருந்து குரல் வந்தது: “மாப்ள, கரண்டு போயிருச்சா?”

அத்தை சேற்றிலிருந்து எழுந்து, புடவையைப் பிழிந்துகொண்டு, தலையில் ஒழுங்காக நிற்கிற ஹெல்மெட் வாங்குகிற வரைக்கும் பின்னால் உட்கார மாட்டேன், இவருக்கு ஒன்றென்றால் என் பெண்ணுக்கு யார் தாரை வார்ப்பது என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

துண்டைக் கழற்றிவிட்டுப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மாமாவின் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். நாற்காலியில் மிராசுதார் உட்கார்ந்திருக்க, துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். ஊருக்கு விவசாயக் கூலிகள் சங்கம் வந்தபோது அவர் முதலில் செய்த காரியம், துண்டை எடுத்துத் தலையில் கட்டியது. அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்க்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவருக்கு வேலை இல்லை. பிறகு ஆட்சி மாறி, சட்டம் மாறி, அவர் பின்னாளில் குத்தகைக்கு உழுத நிலம் பட்டாவாகி மாமா கைக்கு வந்தும், அந்தத் துண்டு மட்டும் இறங்கவில்லை. குளிக்கும்போது கழற்றுவார், சாமி முன்னால் கழற்றுவார். “அப்புறம், சாம்பார்ல கெடக்குறது யாரு முடின்னு நிரூபிக்கறப்ப கழட்டுவாரு” என்பார் அத்தை. உட்கார்ந்திருக்கிற ஆள் முன்னால் நின்றுகொண்டு கழற்றுவது மட்டும் நடக்காது.

அப்படித்தான் நாங்கள் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தோம். மாமாவும் நானும் வண்டியில், அத்தை பஸ்ஸில். ஹெல்மெட் சரியாக அமைந்தால் அப்படியே நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிடலாம் என்று பத்திரிகைக் கட்டையும் தாம்பூலத் தட்டையும் பையில் போட்டுக்கொண்டு அத்தை வந்திருந்தார். அமையாவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் நல்ல மனிதர். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொறுமையாக விளக்கினார். பின்னால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். கன்னத்தை லேசாகப் பிடிக்க வேண்டும், ஆனால் நெற்றியில் வலிக்கக் கூடாது. தாடைப் பட்டைக்குள் ஒரு விரலுக்கு மேல் போகக் கூடாது. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது.

மாமா துண்டோடு ஒவ்வொன்றாக மாட்டி ஆட்டிக் காட்டினார். ஹெல்மெட் கிழக்கே போனது, துண்டு மேற்கே போனது.

“தலை மட்டும்தான் சும்மா இருக்கு” என்றார் அத்தை, ஸ்டூலிலிருந்து.

அப்போதுதான் மாமா, இந்தக் கதையின் ஆரம்பத்தில் வந்த அந்த வார்த்தையைச் சொன்னார். கடைக்காரர், துண்டு இருந்தால் எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது என்று கைவிரித்தார். அத்தை பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பஸ்ஸுக்குத்தான். மாமாவின் முகம் தண்ணீர் வராத கடைமடை வயல் மாதிரி ஆகிவிட்டது.

வாசல் வரைக்கும் போன அத்தை திரும்பி, கடைக்காரரிடம் சொன்னார்: “தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஒக்காந்திருக்கீங்க பாருங்க, அதான் அவரு அவுக்க மாட்டேங்குறாரு. அவங்க அப்பா காலத்து வெவகாரம்.”

“அட, இவ்ளோதானா?” என்று கடைக்காரர் எழுந்துகொண்டார். நாற்காலியைத் துடைத்துவிட்டு, மேசையைச் சுற்றிக் கொண்டுவந்து போட்டார். “ஐயா ஒக்காருங்க. நான் நிக்கிறேன்.”

மாமா நாற்காலியைப் பார்த்தார். இது சுற்றுமா என்று கேட்டார். சுற்றும் என்றார் கடைக்காரர். மாமா உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கால் மேல் கால் போட்டார். பிறகு நிதானமாகத் துண்டை அவிழ்த்தார்.

உள்ளே இருந்தது பளபளவென்று ஒரு சின்ன வழுக்கைத் தலை.

“இம்மாந்தூண்டு தலைக்கா இத்தனை அலம்பல்?” என்றார் அத்தை.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காலேஜ் பெண்கள் வாங்குகிற அளவில் ஒன்றை எடுத்து, நின்றபடியே மாட்டிவிட்டார். கன்னம் இரண்டும் கெண்டை மீன் மாதிரி முன்னால் வந்தன. ஆட்டச் சொன்னார், தலையும் ஹெல்மெட்டும் ஒன்றாக ஆடின. அத்தை தன் விரலைப் பட்டைக்குள் விட்டுப் பார்த்து, பையை மறுபடி கீழே வைத்தார்.

துண்டை எங்கே வைப்பது என்று மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். மேசை மேல் வைக்க மனம் வரவில்லை. அத்தை கையை நீட்டி வாங்கி, கட்சித் தலைவர் மாதிரி தன் தோளில் போட்டுக்கொண்டார். மாமா எழுந்து நின்று ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி சொன்னார்: “பத்திரிகைய எடு.”

அத்தை தட்டை எடுத்தார். ஹெல்மெட்டோடு மாமாவும் துண்டோடு அத்தையும் ஜோடியாக நின்று, முதல் பத்திரிகையைக் கடைக்காரருக்கு வைத்தார்கள்.